அத்தை வீட்டுத் தொங்கு பாலம்

எனக்கு உயரம் என்றால் பயம். திருச்சிக்கு அரை மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்தும், மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரை இன்றுவரை கீழே நின்றுதான் கும்பிட்டிருக்கிறேன். வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயவைப்பது என் மனைவி. காக்கை விரட்டுவதும் அவள்தான். இப்படிப்பட்டவனைக் கடல் தாண்டி அனுப்ப அப்பாவுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டால், அவருக்கு வேறு ஆள் இல்லை என்பதுதான் பதில்.

அப்பாவின் ஒரே தங்கை முத்தாயி. இலங்கையில் சப்ரகமுவப் பக்கம், யட்டியாந்தோட்டையை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார். அப்பாவும் வாலிப வயதில் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர்தான். அவர் ஊர் திரும்பிவிட்டார். தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டு நின்றுவிட்டார். அதன்பிறகு இருவருக்கும் இடையில் கடிதங்கள் மட்டும். நான் அத்தையைப் பார்த்ததே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, அங்கே சண்டை நின்று போக்குவரத்து கொஞ்சம் சுலபமாகியிருந்தது. அத்தையின் கடைசி மகள் வசந்திக்குத் தை மாதம் கல்யாணம் என்று கடிதம் வந்தது. அப்பா முழங்கால் இரண்டும் போய்க் கட்டிலோடு இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மூத்தது ரெண்டு கல்யாணத்துக்கும் மாமன் வீட்டுச் சீர் போகலை. 'அண்ணன் இருக்கான் இருக்கான்னு சொல்றியே, எங்கடி அந்த அண்ணன்'னு நாலு பேரு கேட்டிருக்காங்க. இது கடைசிப் பொண்ணு. இதை விட்டா என் தங்கச்சிக்குப் பொறந்த வீடு இருந்ததுன்னு காட்ட வேற நாளே கிடையாது. நீ போ."

பட்டுப்புடவை, வளையல், சந்தனக் கிண்ணம், பாட்டன் காலத்து வெண்கலத் தாம்பாளம். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கட்டினேன். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கொழும்பிலிருந்து ஏறிய தனியார் பஸ்ஸில், ஓட்டுநர் தலைக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் ஒரே கலர் பல்பு மாலைக்குள் இருந்தார்கள். நடத்துநர் சிங்களத்தில் ஓயாமல் ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தார். முன் இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார்: "உள்ளே போங்க, உள்ளே நெறய இடம் இருக்குன்றாரு." துறையூர் பஸ்ஸிலும் இதே பொய்யைத்தான் சொல்வார்கள். சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது.

அவிசாவளை தாண்டியதும் பாதை ஆற்றோடு சேர்ந்துகொண்டது. களனி கங்கை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பஸ்ஸின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் புல். என் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாள் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். "மொகம் ஏன் வெளுத்திருக்கு, வாந்தி வருதான்னு கேக்குறாங்க" என்றார் முன் இருக்கைக்காரர். நான் பதில் சொல்லுமுன் அந்த அம்மாள் பைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சங்காயை எடுத்து, நகத்தால் கீறி, என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். அதை முகர்ந்துகொண்டே கரவனெல்ல வரை வந்தேன். அங்கே ஒரு வளைவில் பஸ் ஆற்றை எட்டிப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிவிட்டேன்.

மீதித் தூரத்தை முச்சக்கர வண்டியில் கடந்தேன். அது பஸ்ஸைவிட மோசம். அதற்குக் கதவே இல்லை. யட்டியாந்தோட்டைப் பஸ் நிலையத்தில் அத்தை மகன் ராஜேந்திரன் இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றானாம். என் வயதுக்கு நாலைந்து குறைந்தவன். பால் வெட்டுகிற கை. விரல் இடுக்குகளில் காய்ந்த ரப்பர் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும், "மாமா மொகம் அப்புடியே இருக்கு மச்சான்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் என் அப்பாவைப் பார்த்ததில்லை. ஒரு பழைய போட்டோவைச் சொன்னான்.

பஜாரில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், பணிஸ் என்கிற பன், வடை என்று கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனையையும் எப்படித் தின்பது என்று மலைத்து, வந்த இடத்தில் மரியாதை குறையக் கூடாதே என்று மூன்றை விழுங்கி நாலாவதில் கை வைத்தேன். ராஜேந்திரன் மெதுவாக, "வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சத்த வைக்கலாம் மச்சான், எடுத்ததுக்குத்தான் காசு" என்றான். நம் ஊரில் இப்படித் தட்டை வைத்தால் எண்ணிக்கையில் சண்டை வந்திருக்கும்.

பஜாரைத் தாண்டி ஒரு கிளைப்பாதையில் நடந்தோம். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடியக் கட்டிய ஒரு சிரட்டை. ராஜேந்திரன் திரும்பி, "அந்தா நம்ம வீடு" என்று கையைக் காட்டினான். பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில், மரங்களுக்கு இடையே, ஒரு நீளமான தகரக் கூரை; தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு தொங்கு பாலம்.

அப்பா சொன்ன கதைகளில் ஓடம்தான் இருந்தது. பாலம் பிறகு வந்ததாம். இரண்டு இரும்பு வடங்கள், நடுவில் கம்பியில் கட்டிய பலகைகள். ஒரு ஆள் அகலம். இடையிடையே பல் விழுந்த வாய் மாதிரிப் பலகை இல்லாத இடைவெளி. ஆறு கீழே வெகு ஆழத்தில், பாறைகளைச் சுற்றி நுரைத்துக்கொண்டு போனது. ஒருத்தி தலையில் விறகுக் கட்டோடு, வெற்றிலையை மென்றபடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் பாலம் ஆடியது.

"வாங்க மச்சான், போவோம்."

என் கால் நகரவில்லை. வாய் மட்டும் நகர்ந்தது. "நான் இந்தப் பக்கமே எங்கேயாவது தங்கிக்கிறேன் மச்சான். எனக்கு அங்கே சரிப்படாது" என்றேன்.

ராஜேந்திரன் அக்கரைக் கூரையைப் பார்த்தான். "லயம் சின்னதுதான். ஆனா ஒங்களுக்காக வெள்ளையடிச்சு வச்சிருக்கோம்" என்றான்.

"அதெல்லாம் இல்லை. இங்கே கொஞ்சம் வசதியா இருக்கும், அதுதான்."

அவன் சரி என்று தலையாட்டினான். பாலத்தடியில் சில்லறைக் கடை வைத்திருந்த ஹனீபா நானாவிடம் பேசி, கடையின் பின்னறையில் எனக்கு ஒரு கட்டில் ஏற்பாடு செய்தான். அங்கே இஸ்லாமியரில் மூத்தவரை எல்லோரும் நானா என்றுதான் அழைக்கிறார்கள். பிறகு ராஜேந்திரன் பாலத்தில் ஏறி, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் கம்பியைப் பிடிக்கவே இல்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். அவன் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை எனக்குச் சாப்பாடு பாலத்தைக் கடந்து வந்தது. மூடி திறக்காத இரண்டு சோடா போத்தல், கடதாசியில் சுற்றிய டீ பணிஸ் நாலு. மத்தியானமும் அதே சோடா. கூட பிஸ்கட் பாக்கெட். ராஜேந்திரன் வைத்துவிட்டு, "வேலை இருக்குங்க" என்று போய்விட்டான். மச்சான் என்ற சொல் காணாமல் போயிருந்தது. நானோ, ஆகா, இலங்கையில் விருந்தாளியைச் சோடாவால் குளிப்பாட்டுகிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது போத்தலை உடைக்கும்போது நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு வெசயம் கேக்கட்டா? கோவிக்க வாணாம். ஒங்களுக்கு அவங்க வீட்டுத் தண்ணி குடிக்க மனசில்லயா?"

நான் போத்தலைக் கீழே வைத்தேன்.

"தோட்டத்து வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் மூடி தொறக்காத சோடா குடுப்பாங்க. தொரை வந்தா சோடா. ஆபீஸ் ஐயா வந்தா சோடா. சொந்தக்காரனுக்கு எவன் சோடா குடுப்பான்? நேத்து ராவு ராஜேந்திரன் திரும்பி வந்து இந்தக் கடையிலதான் சோடா வாங்கிட்டுப் போனான். காசு குடுக்கிற நேரம் அவன் கண்ணுல தண்ணி."

பயத்தை மறைக்க நான் சொன்ன சாக்கு, அத்தை வீட்டில் ஆணவமாகப் போய் விழுந்திருக்கிறது. அண்ணன் மகன் கடல் தாண்டி வந்தும் ஆறு தாண்டி வரவில்லை என்றால் அந்த லயத்தில் யார் என்ன நினைப்பார்கள்? அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வராதபோதாவது அத்தைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு அண்ணன் இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, மீசை வேறு வைத்திருக்கிறேன், பாலத்துக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? எப்படியாவது நடந்து காட்டிவிட்டால் சொல்லவே தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். அன்று பிற்பகல் பாலத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறினேன். இரண்டு வடத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பலகை. பதின்மூன்றாவது பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. பின்பக்கமாகவே நடந்து திரும்பினேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஏறினேன், அதே பன்னிரண்டு. நானா கடைக்குள்ளிருந்து ஒரு பிளேன்டீ அனுப்பினார். அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நல்ல மனிதர்.

வியாழக்கிழமை காலை அத்தையே வந்துவிட்டார்.

மெலிந்த உடம்பு, கையில் குடை, மூக்கில் கல் வைத்த மூக்குத்தி. அப்பாவின் நெற்றி. கடை வாசலில் நின்றார்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"நல்லா இருக்கீங்களாங்க? அண்ணன் நல்லா இருக்காங்களா?"

அண்ணன் மகனை 'ங்க' போட்டுக் கூப்பிடுகிற அத்தையை நான் அன்றுதான் பார்த்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"எங்க வீடு ஒரு காம்பராதான். ஒங்க ஊருல வயலும் வீடுமா இருப்பீங்க, தெரியும். சீரை நானாகிட்ட குடுத்துட்டுப் போனாலும் போதும். வந்ததே பெரிசு. ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம்" என்றார்.

அதற்குமேல் மீசையைக் காப்பாற்றி என்ன பயன்? "அத்தை, எனக்கு அந்தப் பாலத்தைப் பார்த்தா பயம்" என்றேன்.

அத்தை நம்பவில்லை. "என்னாங்க சொல்றீங்க? எட்டு மாசக் கர்ப்பத்தோட பொம்பளைங்க போற பாலம்."

"வாங்க, காட்டுறேன்."

உலகத்திலேயே பயத்தைச் செய்முறை விளக்கமாகக் காட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன். பாலத்தில் ஏறினேன். ஐந்தாவது பலகையில் முழங்கால் தனியாக ஆடத் தொடங்கியது. பத்தாவதில் பல் கிட்டியது. பன்னிரண்டில் நின்று, வடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் வேட்டி காற்றே இல்லாமல் படபடப்பதை அத்தை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து நானா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப் பாவி மருமகனே! இதுக்காடா மூணு நாளா சோடா குடிச்ச? நான் ராவெல்லாம் அழுது கெடந்தேனே!" என்றார்.

அந்த 'டா'வைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

அன்று அத்தை எனக்கு முன்னால் போக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பாதிப் பாலம் வரை போய்த் திரும்பினேன். சாயங்காலம் ராஜேந்திரன் வந்தான். மச்சான் திரும்ப வந்திருந்தது. "முன்னால போற ஆளு கால் வைக்கிறப்போ நீங்க வைக்காதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா மிதிச்சா பாலம் ஊஞ்சலா ஆடும். மாத்தி மாத்தி மிதிங்க, அது தானா அடங்கும்" என்று சொல்லிக்கொடுத்தான். இது அங்கே எல்லோருக்கும் நடக்கத் தெரிந்ததுமே தெரிந்துவிடுகிற விஷயம். முக்கால் பாலம். திரும்பினேன். இருட்டும்வரை நாலு தடவை.

வெள்ளிக்கிழமை காலை அக்கரையில் கால் வைத்தேன். பாலம் முடிந்த இடத்தில் ஒரு நாய் குரைத்தது. அதற்கு என் சாதனை தெரியாது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம். அத்தையின் காம்பரா என்கிற ஒற்றை அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. சுவரில் அந்தப் பழைய போட்டோ; நான்தான் என்று சத்தியம் செய்யலாம். நான் முதல் வேலையாக, "அத்தை, தண்ணி" என்றேன். அத்தை குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன். உண்மையில் தாகமும் இருந்தது.

சாப்பிட ரொட்டி. நம் ஊர் ரொட்டி அல்ல. தேங்காய்ப்பூ போட்டு உள்ளங்கைக் கனத்தில் தட்டிச் சுட்டது. தொட்டுக்கொள்ள, மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் வைத்து அரைத்த கட்டச்சம்பல். ஒரு வாய் வைத்ததும் காதுக்குள் புகை வந்தது. தேநீரில் சர்க்கரை இல்லை. கூந்தல்பனை வெல்லமான கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். ஊருக்கு வந்தபிறகும் நான் இப்படித்தான் குடிக்கிறேன். மனைவி சிரிக்கிறாள்.

கல்யாணப் பெண் வசந்தி வாய்க்காரி. எனக்கு மூன்றாவது ரொட்டியைப் போட்டுக்கொண்டே, "மச்சான், ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே, ஞாயித்துக்கிழமை சீர்த் தட்ட எந்தக் கையால பிடிப்பீங்க?" என்றாள்.

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். அங்கே வழக்கம், மாமன் வீட்டுச் சீர் வெளியிலிருந்து, தப்படித்து, எல்லோரும் பார்க்க வர வேண்டும். மாமன் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் என்பதால் பஜார்ப் பக்கம்தான் மாமன் வீடு என்று முடிவாகியிருந்தது. சீர் சுமப்பவர்தான் முதல் ஆளாகப் பாலத்தில் ஏற வேண்டும். அவருக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் பெல்மதுளையிலிருந்து வந்து அக்கரையில் நிற்பார்கள்.

"நான் வேணும்னா தூக்கிக்கிறேன்" என்றான் ராஜேந்திரன்.

பெண்ணின் அண்ணனே மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது என்ன சீர்? அத்தை அடுப்பை ஊதினார். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. "இல்லை, நான்தான் தூக்குவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

சனிக்கிழமை பயிற்சி. தோட்டத்து ரப்பர் ஸ்டோர் பஜார்க் கரையில் இருக்கிறது. காலையில் வெட்டிய பாலைப் பத்து, பதினோரு மணிக்கு வாளிகளில் எடுத்துக்கொண்டு எல்லோரும் பாலத்தைக் கடப்பார்கள். பால் வாளியோடு வருகிறவருக்கு வெறுங்கைக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டும். அது பாலத்துச் சட்டம். ராஜேந்திரன் அரை வாளிப் பாலை என் கையில் கொடுத்தான். "பாலத்தப் பாக்காதீங்க, பாலைப் பாருங்க. சிந்தக் கூடாதுன்னு மட்டும் நெனைங்க."

ஆச்சரியம்தான். வாளியைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது ஆறு பாதி மறந்துபோனது. மற்றொரு கை மட்டும் வடத்தைத் தடவிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு தடவை வாளி ஆடி என் கால்சட்டை முழுவதும் வெள்ளை. பின்னால் வந்த பெண்கள், "இந்தியாக்காரருக்குப் பால் வெட்டே ஆரம்பிச்சிருச்சு!" என்று கத்தினார்கள். ரப்பர்ப் பால் துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று ஏழு தடவை கடந்தேன். ஐந்தாவது தடவை, விரலைக்கூட வடத்தில் வைக்கவில்லை. கடைசித் தடவை நடுப்பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன். நீர்க்காக்கை ஒன்று பாறையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது என்று நானாவிடம் அறிவித்தேன். அவர், "அல்லா காப்பாத்தட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, நானா கடை வாசலில் நின்றேன். தாம்பாளத்தில் புடவை, வளையல், தேங்காய், வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, பூச்சரம், சந்தனக் கிண்ணம். தப்பு முழங்கியது. பாலத்தடியில் சத்தம் நின்றது. தப்படிப்பவர்களும் பின்னால்தான் வர வேண்டும். அக்கரையில் புடவைகளும் சட்டைகளுமாக ஒரு கூட்டம். முன்வரிசையில் அத்தை.

தாம்பாளத்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே ஏந்திக்கொண்டு ஏறினேன். ஐந்து பலகை, பத்து பலகை, நன்றாகத்தான் போனேன். முதல் இடைவெளிக்கு வந்தபோதுதான் ஏழு தடவை நடந்தும் யோசிக்காத ஒன்று புரிந்தது. வாளி பக்கவாட்டில் தொங்கும், கால் தெரியும். தாம்பாளம் முன்னால் இருக்கிறது. எனக்கு என் காலே தெரியவில்லை.

குத்துமதிப்பாக ஒரு எட்டு வைத்துத் தப்பினேன். இன்னொன்று. பாதிப் பாலத்தில், இரண்டு பலகை சேர்ந்தாற்போல் இல்லாத இடம் எங்கேயோ அருகில் இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. நின்றேன். நின்றதும், விட்டுப்போனது என்று நான் அறிவித்த பயம் மொத்தமும் வட்டியோடு திரும்பி வந்தது. முழங்கால் ஆட, தாம்பாளத்தில் வளையல்கள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. பாலமும் ஆடியது. முன்னால் போக முடியாது. பின்னால் போனால் சீர் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். அதைவிட நான் ஆற்றில் விழலாம்.

அக்கரையில் முணுமுணுப்பு எழுந்தது. தண்ணீர் மேல் சத்தம் நன்றாகக் கேட்கும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல்: "என்னா, பொறந்த வீட்டுக்காரரு நின்னுட்டாரு? வர மனசில்லயா?"

அத்தை முகம் சுண்டியதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். மறுபடியும் அதே தப்பு நடக்கப் போகிறது. என் பயத்துக்கு அத்தை பேர் கெடப் போகிறது. அந்த நொடியில் எனக்கு மீசை, மானம், மாப்பிள்ளை வீடு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அத்தை! எனக்குப் பயமா இருக்கு! கால் தெரியலை!"

பிறகு அத்தையின் குரல், ஐம்பது வருஷம் மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல், ஆற்றைத் தாண்டி வந்தது.

"பயமா இருந்தா பயந்துக்கிட்டே வாடா மருமகனே! யாரு வேணாம்னா? தட்டத் தூக்கித் தலையில வை!"

தலையில்! விறகுக்காரியைப் பார்த்த அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாம்பாளத்தை மெல்ல உயர்த்தித் தலையில் வைத்தேன். ஒரு கை தாம்பாளத்தில், ஒரு கை வடத்தில். கீழே பார்த்தேன். கால் தெரிந்தது, ஆறும் தெரிந்தது. இடைவெளி சரியாக என் பெருவிரலுக்கு முன்னால் இருந்தது. அதைத் தாண்டினேன். அக்கரையில் பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "அடுத்ததும் இருக்கு, பாத்து!" என்று கத்தினாள். அதன்பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் கூட்டமாக எச்சரிக்கை வந்தது. முணுமுணுத்த அந்த ஆண் குரலும் அதில் சேர்ந்துகொண்டது. கடைசிப் பலகை வரை எனக்குப் பயம் போகவே இல்லை. பயந்துகொண்டே நடந்தேன், பயந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். தேங்காய்கூட உருளவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தாலி எடுக்குமுன் மாமன் வீட்டாரைப் பூசாரி மூன்று தடவை அழைப்பது அங்கே முறை. மூத்த பெண்கள் இருவர் கல்யாணத்திலும், மூன்றாவது அழைப்புக்குப் பிறகும் யாரும் எழாமல், பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் கூச்சத்தோடு எழுந்து நின்றாராம். ராஜேந்திரன் என் காதில் சொன்னான். அத்தை அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்ப்பாராம்.

பூசாரி தொண்டையைச் செருமினார். "மாமன் வீட்டு ஆளு..."

"வந்திருக்காங்க!" என்றார் அத்தை.

பூசாரி திகைத்து நிறுத்தினார். இன்னும் முழுதாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை பாக்கி இருக்கிறது என்பதுபோல் பார்த்தார். அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

"வந்திருக்காங்க. எங்க அண்ணன் வீட்டுல இருந்து வந்திருக்காங்க."